பச்சை லைன், நீல லைன்

அக்டோபர் 9, புதன்

நீல லைன் அமராவதி எங்கள் பச்சை லைன் பண்டலில் ஊசி முனையைப் போட்டாள்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு பேக்கிங் பகுதியில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. பச்சைச் சட்டை, எல் சைஸ். வலது தோள் மூட்டுத் தையலுக்குள் அரிசியில் பாதி அளவுக்கு ஓர் ஊசி முனை. பண்டல் சீட்டில் எங்கள் லைன் நம்பர்.

எங்கள் லைனில் நேற்று ஓர் ஊசி உடைந்தது உண்மைதான். ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசி இருந்த வடிவத்திலேயே அடுக்கி, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பண்டல்களை எல்லாம் ஒதுக்கி, சட்டை சட்டையாகச் சோதிக்க வேண்டும். லைன் ஒரு மணி நேரமாவது நிற்கும். நேற்று உடைந்த ஊசி முழுதாகப் பதிவேட்டில் இருக்கிறது. நாற்பத்தாறாம் பக்கம். செக்கர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

ஆகவே அந்த முனை எங்களுடையது இல்லை. யாரோ போட்டது. நேற்று நாலு மணிக்கு நடைவழியைத் தாண்டி வந்து எங்கள் பண்டல்களுக்குப் பக்கத்தில் குனிந்தது அமராவதி ஒருத்திதான்.

ரூமில் தண்ணீர் வரவில்லை. ஊறப்போட்ட இரண்டு சட்டைகளும் பக்கெட்டில் நாறுகின்றன.

அக்டோபர் 10, வியாழன்

எழுபது பெட்டிகளைப் பிரித்து மறுபடி சோதிக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். அமராவதியை விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று காலையிலேயே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸ் பையோடு திரும்பிப் போனாளாம்.

இதெல்லாம் ஆகஸ்ட் கடைசியில் கிஷோர் சார் போட்ட கூட்டத்தில் ஆரம்பித்தது. கிஷோர் சார் எங்கள் எச்.ஆர். மேனேஜர். திரை கட்டிப் படம் காட்டினார். அமெரிக்காவில் ஒரு விளையாட்டு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் கால்பந்து. அதில் இரண்டு அணிகள். பச்சைக்கு ஓநாய்த் தலை, நீலத்துக்கு நங்கூரம். காரில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள், நூறு வருடப் பகை. டிசம்பரில் இரண்டும் மோதும்போது ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைதான் எங்கள் ஆர்டர். எங்கள் நாலாம் லைனுக்குப் பச்சை. நடைவழிக்கு எதிரே ஐந்தாம் லைனுக்கு நீலம். வேலை நேரத்தில் போட்டுக்கொள்ள எங்களுக்கும் அந்தந்த நிறத்திலேயே சட்டை கொடுத்தார்கள்.

"கைஸ், அங்க ஒரு வீட்ல புருஷன் பச்சை, பொண்டாட்டி நீலம்னா மேட்ச் அன்னிக்குச் சமையலே கிடையாது. அவ்ளோ வெறி. அந்த வெறி எனக்கு இந்த ஃப்ளோர்ல வேணும்."

அமராவதி எழுந்து நின்றாள். "ஏனுங்க சார், அவங்க சமைக்கலீன்னா கடையில வாங்கித் தின்னுக்குவாங்க. நாங்க சமைக்கலீன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிஷோர் சார் பரிசைச் சொன்னார். ஆர்டரை முதலில் முடிக்கும் லைனுக்கு அக்டோபர் இருபத்தைந்தாம் தேதியே தீபாவளி லீவு. தோற்கும் லைன் முப்பதாம் தேதி சாயங்காலம்வரை இருந்து மிச்ச வேலைகளை முடிக்க வேண்டும்.

"லீவு எங்களுதுங்களே," என்றாள் அமராவதி. "எங்க லீவையே எங்களுக்குப் பரிசாக் குடுக்கறீங்களா?"

இந்தத் தடவை கிஷோர் சார் மட்டும் சிரித்தார். சிரித்தபடியே அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் திருப்பூரிலிருந்து தெற்கே பஸ் ஏறியவனுக்குத்தான் அந்தப் பரிசின் அர்த்தம் தெரியும். போன வருடம் மதுரைவரை ஒற்றைக் காலில் நின்றேன். வள்ளியூர் போய்ச் சேரும்போது தீபாவளி அன்று மத்தியானம். அம்மா வடையைச் சுட்டு ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷின்களை எல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தோம். பொரி, கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு லட்டு. முதலாளி வந்து தேங்காய் உடைத்தார். வழக்கமாக இரண்டு லைனுக்கும் சேர்த்து ஒரே பூசணிக்காய். இந்த வருடம் பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எங்கள் பூசணிதான் பெரியது என்று எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும்தான்.

நீல லைனில் பதினாலாம் மெஷின் அமராவதியுடையது. அதை யாரும் துடைக்கவில்லை. நூல் தூசி அப்படியே கிடந்தது. பிறகு பார்த்தபோது யாரோ துடைத்துச் சந்தனம் வைத்திருந்தார்கள். யாரென்று தெரியாது. என் விரலில் சந்தனம் இருந்தது; எல்லார் விரலிலும்தான் இருந்தது.

அக்டோபர் 12, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். முடி வெட்டிக்கொண்டேன். உட்கார முடியவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுவரை நடந்து திரும்பி வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

கேமராவில் அமராவதி சிக்கியிருக்கிறாள். கிஷோர் சார் போனில் என்னிடம் காட்டினார். போன செவ்வாய், மூன்று ஐம்பத்தெட்டு. நீலச் சட்டை போட்டவள் நடைவழியைத் தாண்டுகிறாள். கையில் ஏதோ சின்னதாக இருக்கிறது. எங்கள் ஒன்பதாம் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். என்னிடம் ஏதோ சொல்கிறாள். பிறகு குனிகிறாள். அரை நிமிஷம் ஆள் தெரியவில்லை, முதுகு மட்டும். எழுந்து போய்விடுகிறாள். சத்தம் பதிவாகாது.

"பாத்தியா? கைல என்னமோ வச்சிருக்கா," என்றார்.

"ஆமா சார்."

"நாளைக்கு என்கொயரி. நீ விட்னஸ். நடந்ததை மட்டும் சொன்னாப் போதும், பயப்படாத."

இரண்டு லைனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஜூலையில் இதே ஆட்கள் எண்ணெய்க் குப்பியைக் கைமாற்றிக்கொண்டார்கள், யாருக்காவது காய்ச்சல் என்றால் இந்தப் பக்கத்து டெய்லர் அந்தப் பக்கம் போய்த் தைத்தார். இப்போது கத்தரியில்கூடப் பச்சை நூல், நீல நூல் கட்டியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பச்சை மேஜை, நீல மேஜை. சுவரில் நூறு கெஜ மைதானம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். ஐம்பது சட்டைக்கு ஒரு கெஜம். மணிக்கொரு முறை பந்துப் படத்தை நகர்த்துவது என் வேலை. நகர்த்தும்போது எங்கள் ஆட்கள் ஓநாய் மாதிரி ஊளையிட வேண்டும் என்பது கிஷோர் சாரின் யோசனை. முதல் நாள் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். ஒரு வாரத்தில் நிஜமாகவே ஊளையிட்டார்கள்.

"இது ஓநாயா? எங்கூட்டு நாய் மணிக்குச் சோறு வைக்கலீன்னா இப்படித்தான் கத்தும்," என்று அமராவதி நடைவழிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வாள். நங்கூரம் என்றால் என்ன என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். "இருந்த எடத்துலயே கெடக்கறது. டெய்லர் மாதிரி," என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விசாரணை கான்ஃபரன்ஸ் அறையில் நடந்தது. கிஷோர் சார், புரொடக்‌ஷன் மேனேஜர், தொழிலாளர் பிரதிநிதி என்று அவர்களே போட்ட ஒரு ஆள். அமராவதி சிமெண்ட் கலர்ச் சேலையில் வந்திருந்தாள். நீலச் சட்டை இல்லாமல் அவளைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிறது.

"கைல என்ன வச்சிருந்தீங்க?"

"காந்தமுங்க."

"எதுக்கு?"

"அவங்க லைன்ல ஊசி ஒடஞ்சுது, முனை கெடைக்காமத் தேடீட்டு இருந்தாங்க. அக்கட்டால இருந்து பாத்தேன். எங்க லைன் காந்தத்தை எடுத்துட்டுப் போயி இந்தத் தம்பிகிட்டக் குடுத்தேன். வாங்கலீங்க. செரின்னு நானே குனிஞ்சு தேடிப் பாத்தேன். கெடைக்கலீங்க. வந்துட்டேன்."

"அவங்க ரிஜிஸ்டர்ல எல்லாத் துண்டும் இருக்கே?"

"அதை அளந்து பாருங்க சார். ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க."

கிஷோர் சார் என் பக்கம் திரும்பினார். "இசக்கி, அந்தம்மா காந்தம் குடுத்தாங்களா?"

நான் கவனிக்கவில்லை என்றேன். கடைசி மணி நேரத்தில் நூறு சட்டை பின்தங்கியிருந்தோம். அவ்வளவு நெருக்கடியில் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் கவனத்தில் இருக்காது. இது நியாயமான பதில்.

பதிவேட்டை யாரும் எடுத்துவரச் சொல்லவில்லை. தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

வெளியே வரும்போது அமராவதி படிக்கட்டில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

அக்டோபர் 16, புதன்

கான்டீன் சாம்பாரில் உப்பு இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

தூக்கம் இல்லை. காலையில் ஆறு மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரூமில் மற்ற நாலு பேரும் உருண்டு கிடந்தார்கள்.

தோளை மூட்டும் ஓவர்லாக் மெஷின் ஊசியின் நீளம் முப்பத்துமூன்று மில்லிமீட்டர். நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சேர்த்தால் முப்பத்தேழு வரும். ஊசி உடைந்தால் குறையும், வளராது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஒன்பதாம் மெஷினில் தைப்பது செண்பகம். இருபது வயது, கடையநல்லூர்ப் பக்கம். பொங்கலுக்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. அவள் தங்கச்சி வயசுக்கு வந்த சடங்குக்குக்கூட விடவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று ஐம்பதுக்கு ஊசி உடைந்தது. அடித்துண்டு மெஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு மேஜையில் கிடந்தது. முனையைக் காணவில்லை. ஐந்து நிமிஷம் தேடினோம்.

"அண்ணே, லைன நிறுத்திருவாவளா?" என்று கேட்டாள். "நிறுத்துனா அவிய ஜெயிச்சிருவாவண்ணே. நா ஊருக்குப் போவண்டாமா?"

சுவரில் பந்து அறுபத்தெட்டாவது கெஜத்தில் நின்றது. நீலம் எழுபதில். மெக்கானிக் டப்பாவில் மழுங்கிய ஊசிகள் கிடக்கும். ஒன்றை எடுத்துக் குறடால் முனையை ஒடித்தேன். அவசரத்தில் கொஞ்சம் நீளமாக ஒடிந்துவிட்டது. ஒட்டினேன். புது ஊசி வாங்கினேன். பன்னிரண்டு நிமிஷம்தான் போனது. தொலைந்த முனை தரையில் எங்காவது கிடக்கும், கூட்டும்போது போய்விடும். எப்போதும் அப்படித்தான் போகும்.

நான் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் அமராவதி அக்கா வந்தது. "முனை கெடைக்கலியா? இந்தா காந்தம், தேடு சாமி. லைன் நின்னா நின்னுட்டுப் போகுது. எவனோ ஒருத்தன் கழுத்துல ஏறுச்சுன்னா?" என்றது. "எல்லாம் கிடைச்சிருச்சு, நீங்க உங்க லைனைப் போயிப் பாருங்க," என்றேன். அது குனிந்து தேடியது. நம்பவில்லை.

மதியம் சாப்பிடும்போது கிஷோர் சார் டிவியில் அந்த அணிகளின் பழைய மேட்ச் போட்டார். உற்சாகம் வருவதற்காம். கவசம் போட்ட ஆட்கள் மாடு மாதிரி முட்டிக்கொண்டார்கள், ஐந்து விநாடி ஓடி, ஒரு நிமிஷம் கூடிப் பேசி, மறுபடி ஐந்து விநாடி ஓடினார்கள். "எங்க ஊர் பஞ்சாயத்து மாதிரி இருக்கு, பேச்சுத்தான் ஜாஸ்தி," என்றான் ஒருவன். ஒருத்தனைத் தூக்கித் தரையில் குத்தினார்கள். எங்கள் மேஜை ஊளையிட்டது. கடைசியில் விசில் ஊதினார்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு, பச்சைக்காரனும் நீலக்காரனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் இன்னொருவன் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சட்டையைக்கூட மாற்றிக்கொண்டார்கள்.

கிஷோர் சார் அந்த இடத்தில் டிவியை அணைத்தார்.

பகைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதை மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள்தான் ஓசியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

செண்பகம் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தாள். "அண்ணே, அமராவதியக்கா இந்தப் பக்கம் வந்துச்சுன்னு மொதல்ல சொன்னது யாருண்ணே?" ஞாபகம் இல்லை என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நாங்கள் ஜெயித்தோம். பதினொன்றே முக்கால் மணிக்குப் பந்து நூறாவது கெஜத்தைத் தொட்டது. நல்ல டெய்லர் ஒருத்தி இல்லாத நீல லைன் தொண்ணூற்று நாலில் நின்றது. எங்கள் ஆட்கள் மேஜைமேல் ஏறி ஊளையிட்டார்கள். கேக் வெட்டினார்கள். கேக்கிலும் ஓநாய்.

அதே நேரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வேண்டுமென்றே உற்பத்திக்குக் கேடு விளைவித்ததற்காக அமராவதி வேலைநீக்கம். பக்கத்திலேயே எங்கள் லீவு அறிவிப்பு. ஒரே டேப்பால் இரண்டையும் ஒட்டியிருந்தார்கள்.

கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திருடியவர்கள், சங்கம் சேர்த்தவர்கள், சண்டை போட்டவர்கள் எல்லோருடைய போட்டோவும் அதில் போகும். அக்காவின் போட்டோவும் போய்விட்டது என்று செக்யூரிட்டி சொன்னார். எத்தனை கம்பெனிக்குப் போகும் என்று கேட்டேன். "எண்ணியா பாத்தாங்க?" என்றார்.

செண்பகம் கேக்கைத் தொடவில்லை. ஆனால் மாலையில் பஸ் டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை ஒன்றும் சொல்ல முடியாது.

அக்டோபர் 19, சனி

கண்டெய்னர் பத்து மணிக்குக் கிளம்பியது. பதினொரு மணிக்குக் கிஷோர் சார் அறைக்குப் போனேன்.

"சார், அந்த நாற்பத்தாறாம் பக்கத்தை அளந்து பாருங்க."

"அளந்தா?"

"ஊசியைவிட நீளமா இருக்கும். முனை எங்களுது. நான்தான் வேற முனையை ஒட்டினேன். அமராவதியக்கா காந்தம் குடுத்தது உண்மை."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இசக்கி, ரிப்போர்ட் போயாச்சு. அமெரிக்கா பையர் அக்செப்ட் பண்ணியாச்சு. இப்ப யோசி. ஊசி கன்ட்ரோல் ஃபெயில்னு போனா இந்த ஃபேக்டரிக்கு ஆர்டர் இல்ல. ரெண்டு லைனும் வீட்டுக்குப் போகணும். ஒரு ஆளோட தப்புன்னு போனா, ஒரு ஆளோட முடிஞ்சுது. கணக்கு சிம்பிள்."

"தப்பு அவங்களோடது இல்லையே சார்."

"அந்தம்மா லீவு கூட்டத்துல என்ன பேசுச்சுன்னு ஞாபகம் இருக்கா? இன்னும் ஒரு வருஷத்துல சங்கம் வச்சிருக்கும்." பேனாவை மூடினார். "நீ இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. தீபாவளி முடிஞ்சு வா. நாலாம் லைன் சூப்பர்வைசர் நீதான். லெட்டர் டைப் ஆகிட்டு இருக்கு."

இப்போது புரிகிறது. முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். ஸ்கேல் வைத்து அளக்காமலே தெரிந்திருக்கும். அளந்தால் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் அளக்கவில்லை. முப்பது வருடமாக ஊசி ஒடிகிற ஊரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மேனேஜருக்குப் படிப்பு வேண்டியதில்லை.

சூப்பர்வைசர் ஆனால் தனி ரூம் எடுக்கலாம். இதை நான் நினைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மங்கலம் ரோட்டுப் பக்கம் அக்காவின் வீடு. முன்பு ஒரு தடவை போயிருக்கிறேன். வரிசை வீடு, தகரக் கதவு. வாசலில் மணி என்கிற அந்த நாய் கட்டிக்கிடந்தது. அக்கா வாசலிலேயே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. பையன் கவின் உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

"வா. உக்காரு. ஊருக்குப் போகலியா?"

"இருபத்தஞ்சாம் தேதிக்கா."

"ஆமா, ஜெயிச்சுட்டீங்கல்ல," என்றது. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

நாலு கம்பெனி ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டில் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். மூன்றாவது கம்பெனியில் செக்யூரிட்டி போனை எடுத்துக் காட்டினானாம். "என்ற போட்டோவை எனக்கே காட்டறான். இது நீங்கதானுங்களேங்கறான். நல்லாத்தான் இருக்குது போட்டோ, ஐடி கார்டுக்கு எடுத்தது. நாசகாரின்னு கீழ எழுதியிருக்குது."

நான் சொல்ல ஆரம்பித்தேன். முனை, மெக்கானிக் டப்பா, குறடு, நாற்பத்தாறாம் பக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். மெட்டல் டிடெக்டர் கத்தியதும், "நேத்து நீல லைன் அமராவதியக்கா இந்தப் பக்கம் வந்துச்சு" என்று முதலில் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். கிஷோர் சாரிடம் போனதைச் சொன்னேன். சூப்பர்வைசர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாம் தெரிஞ்சதுதான் சாமி. நீ ஒட்டுனத நாந்தான் பாத்தனே. முனை கெடைக்காமயே டேப்பு கிழிச்சே."

"பின்ன ஏங்க்கா என்கொயரியில நேரடியாச் சொல்லல?"

"அளந்து பாருங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல சொன்னா அந்தச் செம்பகப் புள்ளையும்ல போகும். நீ வாயத் தொறப்பீன்னு நெனச்சேன். ஒரு நிமிசம் உன்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

நாய் ஈயைப் பிடிக்கப் பார்த்தது.

"என்ன பண்ணணும்க்கா? லேபர் ஆபீஸ் போலாமா? நான் எழுதித் தரேன்."

"ஆபீஸ் அது பாட்டுக்கு வருசக்கணக்குல நடக்கும். எழுதிக் குடு, வாங்கிக்கறேன். ஆனா எனக்கு முன்னாடி வேண்டியது அது இல்ல." கத்தியைக் கீழே வைத்தது. "பதினோரு வருசம் அந்த ஃப்ளோர்ல தெச்சிருக்கறேன். எனக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்த பொம்பளைக, என்ற கையில சோறு வாங்கித் தின்னவங்க, இன்னிக்கு என்னையப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறாங்க. சந்தையில எங்க லைன் பொன்னாத்தாளே திரும்பிக்கிட்டா. உன்னால எங்களுக்கு லீவு போச்சுங்கறா. கிஷோர்கிட்ட ரூமுக்குள்ள சொன்னது எனக்கு எதுக்கு ஆகுது? அந்த அறுவது பேருத்துக்கு முன்னால சொல்லு."

"சொன்னா எங்க லைன் லீவு போயிரும்க்கா. செண்பகம் டிக்கெட் எல்லாம் போட்டுருச்சு."

"அந்தப் புள்ள பேர நீ சொல்ல வேண்டாம். நான் பண்ணேன்னு சொல்லு. நீதான பண்ணே?"

நான் தலையாட்டினேன்.

"நாளைக்குக் காலையில எட்டே காலுக்குக் கேட்டுக்கு வர்றேன். உள்ள உடமாட்டாங்க. வெளியதான் நிப்பேன். ரெண்டு லைனும் உள்ள போறப்ப சொல்லு."

கிளம்பும்போது அரிசிம்பருப்புச் சாதம் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தது. வேண்டாம் என்றேன். கையில் திணித்தது. பஸ்ஸில் மடியில் சூடாக இருந்தது. ரூமுக்கு வந்து முழுவதும் தின்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

எட்டு பத்துக்கே போய்விட்டேன். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தது. கேட்டுக்கு எதிரே, டீக்கடைப் பலகையை ஒட்டி. கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சிவப்புச் சேலை. பக்கத்தில் கவின், பள்ளிக்கூட உடுப்பில்.

கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். லீவு கிடைத்த முகங்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "சூப்பர்வைசர் சார், வணக்கம்!" என்று கத்தினான். எப்படித் தெரிந்ததோ. பிறகு நீல வேன். இறங்கியவர்கள் அக்காவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். பொன்னாத்தாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிகிறது.

செண்பகம் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். ஊருக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களை இன்றே போட்டிருந்தாள்.

மாடி ஜன்னலில் கிஷோர் சார். கையில் காபி. அவர் கீழே வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை என்பது போல நின்றார்.

எட்டு இருபத்தைந்துக்கு முதல் மணி அடித்தது. அக்கா டீக்கடையை விட்டு நடந்து வந்து ரோட்டு நடுவில் நின்றது. செக்யூரிட்டி, "அம்மா, வேண்டாங்கம்மா, அந்தப் பக்கம் போயிருங்க," என்றார். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

பச்சைச் சட்டைகள் ஒரு பக்கம். நீலச் சட்டைகள் ஒரு பக்கம். நடுவில் நான் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒதுங்கி இடைவெளி விட்டிருந்தார்கள்.

இரண்டாம் மணி அடித்தது. அது ஓயும்வரை அக்கா காத்திருந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் கத்தாமல், ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"சொல்லு."